அது என் ஊசிதான்

கழுகக்காவுக்கு அந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்று குப்பை பிரிக்கும் நிலையத்தில் இப்போது யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார். நகரத்தின் பாதிக் குப்பை லாரியில் வந்து இறங்கி, அகலமான ரப்பர் பெல்ட்டில் ஏறி, இரண்டு பக்கமும் கையுறை போட்டு நிற்கிறவர்கள் முன்னால் ஓடும். காகிதம், தகரம், பிளாஸ்டிக் என்று ஓட ஓடப் பொறுக்கிப் பின்னால் இருக்கும் தொட்டிகளில் போட வேண்டும். மற்றவர்கள் தங்கள் முன்னால் வருவதைப் பார்ப்பார்கள். கழுகக்கா நாலு ஆள் தள்ளி வருவதைப் பார்த்துவிடுவாள். "ஏய், அந்தக் கறுப்புக் கவர்ல கை வைக்காதே, உள்ளே பாட்டில் உடைஞ்சிருக்கு" என்று அவள் சத்தம் போட்டால் உடைந்துதான் இருக்கும். பெல்ட்டை நிறுத்தும் கயிறு அவள் தலைக்கு மேல் தொங்கும். அதை இழுக்க அவள் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. சூப்பர்வைசர் ஆரம்பத்தில் முணுமுணுத்துப் பார்த்தார், பிறகு பழகிக்கொண்டார்.

அவள் வீட்டுக்காரர் கண்ணாடிக்காரர். கடைத்தெருவில் சின்னக் கடை. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுப்பார், முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம் போடுவார். இந்த இரண்டு பேருக்கும் எப்படி முடிச்சு விழுந்தது என்பதே ஒரு கதை. கண்ணாடிக்காரர் புதிதாகக் கடை போட்டிருந்த காலத்தில், அறுத்த துண்டுகளை ஒரு மெல்லிய கவரில் போட்டுக் குப்பையில் தள்ளிவிடுவார். ஒரு நாள் மத்தியானம், உயரமான ஒரு பெண் கையில் கட்டோடு கடை வாசலில் வந்து நின்றாள். கவரோடு வந்திருந்த கடை ரசீதையும் ஒரு கண்ணாடித் துண்டையும் மேசையில் வைத்தாள். "இது உங்களுடையதுதானே, பத்திரமா வெச்சுக்குங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் சொன்னதை எல்லாம் அச்சில் ஏற்ற முடியாது.

மறுநாள் கண்ணாடிக்காரர் துண்டுகளைக் கெட்டி அட்டைப் பெட்டியில் அடுக்கி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, 'கண்ணாடி, கவனம்' என்று பெரிய எழுத்தில் எழுதி, லாரிக்குக் கொடுக்காமல் தானே நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவள் பெட்டியை நாலு புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பரவாயில்ல" என்றாள். அடுத்த வாரமும் போனார். ஒரு சின்னக் கடையில் வாராவாரம் அவ்வளவு கண்ணாடி உடையுமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தபோது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இப்போது கடைத்தெருக் குப்பை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேறு நிலையத்துக்குப் போகிறது. இருந்தாலும் பெட்டியும் டேப்பும் எழுத்தும் மாறவில்லை.

வீட்டில் தினமும் சாயங்காலச் சாப்பாட்டுக்கு அவள் கொண்டுவருவது கதை. இன்றைக்குப் பெல்ட்டில் என்ன வந்தது என்பதுதான் கதை. ஒரு நாள் முழுப் பல்செட். ஒரு நாள் சுருதி சேராத ஆர்மோனியம். "இன்னைக்கு ஒரு ஆமை வந்துச்சுங்க. உயிரோட. பெல்ட் இந்தப் பக்கம் ஓடுது, அது அந்தப் பக்கம் நடக்குது. பாவம், எவ்வளவு நடந்தாலும் அங்கேயேதான் இருக்கு. கயித்தை இழுத்துட்டேன். நம்ம சூப்பர்வைசர் ஆமைக்காகவா பெல்ட்டை நிறுத்தினேன்னு கேக்கறாரு. பின்னே ஆமை கயித்தை இழுக்குமா?" கண்ணாடிக்காரர் அதிகம் பேசாதவர். கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். அந்தக் கதைகள் இல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

கண்ணாடிக்காரருக்குச் சர்க்கரை வியாதி வந்து, மாத்திரைக்கு அடங்காமல் போய், இன்சுலின் போட்டே ஆக வேண்டும் என்று சுகாதார நிலையத்தில் சொன்னார்கள். கத்தி போன்ற கண்ணாடி விளிம்பை நாள் முழுவதும் தடவிக்கொண்டிருக்கிற மனுஷர், இன்சுலின் போடும் பேனாவின் நுனியில் இருந்த அந்தச் சின்ன ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி நர்ஸம்மாவிடம் முதலில் கேட்ட கேள்வி, அவர் இனிமேல் என்ன சாப்பிடலாம் என்பது அல்ல.

"போட்டு முடிச்ச ஊசியை எதுல போடறது?"

நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் கடைசியா கேக்கறதை நீங்க முதல்ல கேக்கறீங்க. சில பேரு கேக்கறதே இல்ல."

"நான் பெல்ட்ல நிக்கறவ" என்றாள் கழுகக்கா. வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அன்றைக்கே வீட்டில் சட்டம் அமலுக்கு வந்தது. துணி துவைக்கும் திரவ சோப்பு வரும் கெட்டியான பாட்டில் ஒன்று கழுவிக் காயவைக்கப்பட்டுக் குளியலறை அலமாரியின் மேல்தட்டில் ஏறியது. ஊசியைப் போட்டுக்கொண்டதும் கழற்றி நேராகப் பாட்டிலுக்குள் போட வேண்டும். வளைக்கக் கூடாது, ஒடிக்கக் கூடாது, அப்புறம் போடலாம் என்று மேசை மேல் வைக்கக் கூடாது. முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை இறுக்கி, டேப் சுற்றி, 'ஊசி, திறக்காதீர்கள்' என்று எழுதி, சுகாதார நிலையத்தில் அதற்கென்று வைத்திருக்கும் பெட்டியில் சேர்த்துவிட வேண்டும். மத்தியான ஊசிக்காகக் கடையிலும் அதே மாதிரி ஒரு பாட்டில். முதல் சில வாரங்கள் அவள் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துச் சோதனை வேறு செய்தாள். கண்ணாடிக்காரர் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. பயந்துகொண்டு செய்தாரா, பிரியத்தில் செய்தாரா என்று கேட்டால் அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அந்த ஃபோன் வந்தது.

கண்ணாடிக்காரர் அப்போது கடையில், அலமாரிக் கதவுக்கான கண்ணாடியில் அடிக்குச்சியை வைத்துக் கட்டரால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். ஃபோனில் பேசியது பெல்ட்டில் அவளுக்கு எதிரே நிற்கும் பெண். ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர்.

"அண்ணே, பதறாதீங்க" என்றாள் ரேடியோ. பதறாதீங்க என்று சொன்ன பிறகு பதறாமல் இருந்தவர் உண்டா. கோடு கோணலாகப் போய், கண்ணாடி மூலை வாக்கில் உடைந்தது.

நடந்தது இவ்வளவுதான். பெல்ட்டில் ஒரு கவர் வந்திருக்கிறது. பழைய துணியும் காகிதமும் அடைத்த சாதாரணக் கவர். கழுகக்கா அதைப் பிரிக்கப் போனபோது உள்ளே இருந்த ஊசி ஒன்று கையுறையைத் துளைத்து ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. கயிற்றை இழுப்பதற்குள் கவர் கவிழ்ந்து, ஊசி குவியலோடு குவியலாகப் போய்விட்டது. எந்தத் தெரு, எந்த வீடு, யார் போட்டது, ஒன்றும் தெரியாது. அவள் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, விரலை வெகுநேரம் ஓடும் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றாளாம். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம். "அக்கா பேசாம நின்னதுதான் அண்ணே எனக்குப் பயமாயிடுச்சு" என்றாள் ரேடியோ.

சுகாதார நிலையத்தில் அதே நர்ஸம்மாதான் இருந்தார். ரத்தம் எடுத்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். மறுபடியும் சில வாரம் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனை, சில மாதம் கழித்து இன்னொன்று என்று சொன்னார்கள்.

"பயப்பட வேண்டியதில்ல. இப்படி ஊசி குத்தினவங்கள்ல பெரும்பாலும் யாருக்கும் ஒண்ணும் வர்றதில்ல" என்றார் நர்ஸம்மா. "ஆனா யாரு ஊசின்னு தெரியல. தெரிஞ்சு, அவங்க ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னும் தெரிஞ்சா இவ்வளவு மாத்திரை வேண்டியதில்ல. தெரியாததால எச்.ஐ.வி., மஞ்சக்காமாலைன்னு எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் பார்க்கணும். குமட்டும், தலை சுத்தும். என்ன ஆனாலும் ஒரு வேளைகூட விடக் கூடாது."

"சரி" என்றாள் கழுகக்கா. வீடு வந்து சேரும்வரை அவள் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

அன்று இரவு அவள் தலையணை கூடத்துக்குப் போனது. மறுநாள் அவளுடைய டம்ளர் தனியாகப் போனது, தட்டு தனியாகப் போனது. டம்ளரில் எல்லாம் ஒன்றும் ஒட்டாது என்று நர்ஸம்மா சொன்னதை அவர் நினைவுபடுத்தினார்.

"தெரியும். இருந்தாலும் இருக்கட்டும்" என்றாள்.

மாத்திரை வயிற்றைப் புரட்டியது. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாயோடு எழுந்துவிடுவாள். அதைவிடப் பெரிய கஷ்டம், அவள் கதை சொல்வது நின்றுபோனது. பெல்ட்டில் என்ன வந்தது என்று அவரே வாயைப் பிடுங்கிப் பார்த்தார். "குப்பைதான் வந்துச்சு" என்றாள். வேலைக்குப் போகிறாள், வருகிறாள், பாத்திரம் கழுவுகிறாள். கவர் எதையும் தொடுவதற்கு முன்னால் அக்கா இரண்டு தடவை கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறாள் என்று ரேடியோ வேறு ஃபோன் பண்ணிச் சொன்னாள்.

ஒரு சாயங்காலம் அவளாகவே வாய் திறந்தாள். "எத்தனை பேரு கையைத் தட்டிவிட்டிருப்பேன், தொடாதே, தொடாதேன்னு. என் கையைத் தட்டிவிட எனக்குத் தெரியாம போச்சே." சொல்லிவிட்டு விரலைப் பார்த்தாள். காயம்கூட ஆறிப்போய்விட்டது. ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. அந்தத் தெரியாத புள்ளியைத்தான் அவள் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வியாதியைக் கேட்டபோதுகூடக் கண்ணாடிக்காரர் இப்படி ஆடிப்போகவில்லை.

அந்த இரவு தூக்கம் வராமல் புரண்டவருக்கு நர்ஸம்மா சொன்னது திரும்பத் திரும்ப ஓடியது. யாரு ஊசின்னு தெரிஞ்சா. தெரிந்துவிட்டால் இவள் பயம் போய்விடும். தெரிய வைத்துவிட்டால் என்ன?

கண்ணாடிக்காரருக்குப் பொய் சொல்ல வராது. வராத வேலையில் கை வைத்ததுதான் வினை. மறுநாள் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஒத்திகை பார்த்தார். சுவர் முழுவதும் மாட்டி வைத்திருந்த கண்ணாடிகளில் திரும்பின பக்கமெல்லாம் ஒரு திருட்டு முழி தெரிந்தது. ஒரு நல்ல காரியத்துக்குத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். உண்மையில் நல்ல காரியத்துக்குத்தான். அதுதான் சங்கடம்.

சாயங்காலம் அவள் அடுப்படித் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"திட்டக் கூடாது."

"அது நீங்க சொல்றதைப் பொறுத்து."

"அந்த ஊசி..." என்று மென்று முழுங்கினார். "அது என் ஊசிதான்."

அவள் குழாயை மூடினாள். திரும்பவில்லை.

"கடைல பாட்டில் நிறைஞ்சிருந்துச்சு. புதுசு கொண்டுபோக மறந்துட்டேன். ஊசியைக் காகிதத்துல சுத்தி, பழைய துணியோட ஒரு கவர்ல போட்டு, குப்பைத் தொட்டில போட்டுட்டேன். ஒரே ஒரு தடவைதான். அதுக்கு மறுநாள்தான் உனக்கு..." மேற்கொண்டு ஒத்திகையில் இல்லாததால் நிறுத்திக்கொண்டார்.

ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு அவள் திரும்பினாள். கழுகக்கா வீட்டுக்காரரை எப்போதும் 'நீங்க', 'வாங்க' என்றுதான் பேசுவாள். கோபம் தலைக்கேறினால் மட்டும் மரியாதை கழன்றுவிடும்.

"யோவ்" என்றாள்.

அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் கண்ணாடிக்காரருக்கு உயிர் வந்தது.

அதற்குப் பிறகு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்ச நஞ்சமல்ல. கண்ணாடித் துண்டில் ஆரம்பித்து, கல்யாணமான புதிதில் அவர் தொலைத்த குடை, மழையில் நனையவிட்ட மெத்தை என்று ஒன்றையும் விட்டுவைக்காமல் இழுத்துவந்து சேர்த்தாள். "பெல்ட்ல நிக்கறவ பொண்டாட்டியா இருக்கா, ஊசியைக் கொண்டுபோய்க் குப்பையில போடறியா? உனக்கெல்லாம் கை எதுக்கு?" பக்கத்து வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள். கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். குனிந்த முகத்தில் சிரிப்பு வந்துவிடப் போகிறதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். திட்டி முடித்த கையோடு அவள் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டாள். தலையணை படுக்கையறைக்குத் திரும்பி வந்தது.

மறுநாள் சாயங்காலம் கதையும் வந்தது. பெல்ட்டில் ஒரு பொம்மைத் தலை வந்ததாம். எடுத்ததும் 'அம்மா' என்றதாம். ரேடியோ பயந்து அலறிவிட்டாளாம். அவள் சொல்லச் சொல்லக் கண்ணாடிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பொய் சொல்வதில் தனக்கு இவ்வளவு திறமை இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. ஒன்றை மட்டும் அவர் கவனித்திருக்கலாம். எதையும் தன் கண்ணால் பார்க்காமல் நம்பாதவள், கடைக்கு வந்து அந்தப் பாட்டிலைப் பார்க்கவில்லை. வந்திருந்தால், அவளுக்கு ஊசி குத்துவதற்கு வெகு முன்பே மாற்றி வைத்த பாட்டில் பாதிகூட நிறையாமல் இருந்திருக்கும்.

சாப்பிட்ட பிறகு தலைவலி மாத்திரை தேடி அலமாரியைத் திறந்தார். மீந்துபோன மருந்துகளுக்கென்று அங்கே ஒரு டப்பா உண்டு. கழுகக்கா வீட்டில் மாத்திரையும் குப்பைக்குப் போகாது. சேர்த்து வைத்து மருந்துக் கடையில் திருப்பிக் கொடுப்பாள். அந்த டப்பாவுக்குள், மேலாக, அவளுடைய ஒரு மாத மாத்திரை டப்பா கிடந்தது. குலுக்கிப் பார்த்தார். முக்கால்வாசி அப்படியே இருந்தது.

டப்பாவை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார்.

"இதை ஏன் இங்கே போட்டிருக்கே?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இனிமே எதுக்கு அது? போட்டாலே குமட்டிக்கிட்டு வருது. நேத்து ராத்திரியிலேர்ந்து நிறுத்திட்டேன். யாரோ ஊசியா இருந்தா சரி. என் புருஷன் ஊசிதானே. உங்க ரத்தத்துல சர்க்கரையைத் தவிர என்ன இருக்கு?"

கண்ணாடிக்காரர் கையில் டப்பாவோடு நின்றார். நர்ஸம்மாவின் பாதிப் பேச்சை மட்டும் பிடித்துக்கொண்டு, மறுபாதியை யோசிக்காமல் விட்டுவிட்டோமே என்பது அப்போதுதான் உறைத்தது. பயத்தைப் போக்கப் போய் மருந்தையே போக்கிவிட்டார்.

"அது என் ஊசி இல்ல" என்றார்.

அவள் சிரித்தாள். "நேத்து ஆமாங்கறீங்க, இன்னைக்கு இல்லைங்கறீங்க. திட்டினதுல ரோஷம் வந்துடுச்சா?"

"சத்தியமா என் ஊசி இல்ல. நீ பயந்துக்கிட்டே இருந்தியா, என்னால பார்க்க முடியல. அதான் சொன்னேன்."

"போதும் போதும். செஞ்சதை ஒத்துக்கிட்டீங்க, திட்டியாச்சு, விட்டாச்சு. மறுபடி பூசி மெழுகாதீங்க."

உண்மையை நம்பவைப்பது பொய்யை நம்பவைப்பதைவிடக் கஷ்டம் என்பதைக் கண்ணாடிக்காரர் அன்றைக்குக் கற்றார். கடைக்கு வா, பாட்டிலைக் காட்டுகிறேன் என்றார். நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். வீட்டுப் பாட்டிலை இறக்கி வந்து, இதைக் கொட்டி எண்ணலாம், வாங்கின ஊசியும் போட்ட ஊசியும் சரியாக இருக்கும் என்று மூடியில் கை வைத்தார். அவள் பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கொட்டுவீங்களா? இத்தனை ஊசியையும் தரையில கொட்டுவீங்களா? புத்தி கெட்டுப்போச்சா?"

"பின்னே நான் என்னதான் பண்றது?" அவர் கத்தியேவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளிடம் குரலை உயர்த்தியதே இல்லை. "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? எங்க கடைத்தெருக் குப்பை..."

பாதியில் நின்றார். சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அது அவருக்கே புரிந்தது.

"எங்க கடைத்தெருக் குப்பை ஆத்துக்கு அந்தப் பக்கம்தானே போகுது. உன் பெல்ட்டுக்கு வர்றதே இல்லையே. அது உனக்குத் தெரியாதா?"

அவள் பிடித்திருந்த மணிக்கட்டை விட்டாள். பாட்டிலை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, மேசையில் வைத்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எந்த லாரி எந்தத் தெருவில் எப்போது திரும்பும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிறவள் அவள்.

"தெரியும்" என்றாள்.

"எப்போ தெரியும்?"

"நீங்க சொல்லி முடிக்கறதுக்கு முன்னாலயே."

"பின்னே ஏன் அவ்வளவு திட்டினே?"

அவள் விரலைப் பார்த்தாள். "நீங்க அது என் ஊசின்னு சொன்ன உடனே எனக்கு மூச்சு வந்துச்சுங்க. அத்தனை நாளா வராத மூச்சு. அதை விட மனசு வரல. லாரி ஞாபகம் வந்துச்சு. வரட்டும்னு விட்டுட்டேன். திட்டத் திட்ட நிஜம் மாதிரியே ஆயிடுச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த மாத்திரை டப்பாவைப் பார்த்தா மறுபடி யாரோ ஊசியாயிடுது. அதான் கண்ணுல படாம எடுத்து வெச்சேன்."

ஊசி குத்திய நாளிலிருந்து அழாதவள் அப்போது அழுதாள். கண்ணாடிக்காரருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அவர் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த விரலை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

அழுது முடித்ததும் அவள்தான் நர்ஸம்மாவுக்கு ஃபோன் போடச் சொன்னாள். நர்ஸம்மா இருவரையும் ஒரே மூச்சில் திட்டினார். மாத்திரையை விட்டதற்கு அவளுக்கு, பொய் சொன்னதற்கு அவருக்கு. இப்போதே ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொன்னார், காலையில் முதல் வேலையாக நேரில் வரச் சொன்னார், இனி ஒரு வேளை தவறினாலும் தானே வீட்டுக்கு வந்து வாயில் போடுவேன் என்றார். கண்ணாடிக்காரர் தண்ணீர் கொண்டு வந்தார். அவருடைய டம்ளரில்தான் கொண்டு வந்தார். அவள் அதைக் கவனித்தாள். வாங்கி மாத்திரையை முழுங்கினாள்.

"ஒரு நாள்கூட விடாம போட்டுக்கறேன்" என்றாள். "ரத்தம் குடுக்கச் சொன்ன அன்னைக்கெல்லாம் போய்க் குடுத்துட்டு வரேன். ஆனா ஒண்ணு."

"என்ன?"

"வீட்டுக்குள்ள அது உங்க ஊசின்னே இருக்கட்டும்."

கண்ணாடிக்காரர் அவளைப் பார்த்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"இருக்கட்டும்" என்றார். "என் ஊசிதான்."

"அப்பப்ப ரெண்டு திட்டுத் திட்டிக்கறேன்."

"தாராளமா."

அந்த மாதம் முழுவதும் காலையும் இரவும் மாத்திரையோடு சேர்ந்து ஒரு திட்டும் உள்ளே போனது, அல்லது வெளியே வந்தது. குமட்டல் வருகிற நாட்களில் திட்டு கொஞ்சம் நீளும். ஊசி விஷயம் சுவர் தாண்டித் தெரு முழுக்கப் பரவியது. பக்கத்து வீட்டு பஸ் டிரைவருக்கும் சர்க்கரைதான், அவரும் ஊசி போடுகிறவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் வந்து நின்று, "என்னண்ணே, உங்களை எவ்வளவு நிதானமான ஆளுன்னு நினைச்சேன். ஊசியைப் போய் அப்படிப் போடலாமா?" என்று வருத்தப்பட்டார்.

"தப்புதான் தம்பி" என்றார் கண்ணாடிக்காரர்.

டிரைவர் போகாமல் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆமா, அது என்ன மாதிரிப் பாட்டில்ணே?"

கண்ணாடிக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். இவ்வளவு நாளும் ஊசியை எங்கே போட்டீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் டிரைவர் ஆயுசு முழுக்கத் தூங்க மாட்டார் என்று தெரிந்தது. உள்ளே போய்க் காலி சோப்புப் பாட்டில் ஒன்றை எடுத்து வந்து, எங்கே எழுத வேண்டும், எங்கே டேப் சுற்ற வேண்டும், நிறைந்ததும் எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அடுத்த முறை இரண்டு வீட்டுப் பாட்டிலும் ஒரே பையில் சுகாதார நிலையத்துக்குப் போயின. அதற்கடுத்த முறை எதிர் வீட்டுப் பாட்டிலும் சேர்ந்துகொண்டது. தப்பு செய்து திருந்திய ஆள் என்று தெருவில் அவருக்கு ஒரு தனி மரியாதையே வந்துவிட்டது.

மாத்திரை முடிந்தது. முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றார்கள். கடைசிப் பரிசோதனை முடிவு வரும் அன்றைக்குக் கண்ணாடிக்காரர் கடையைத் திறக்கவில்லை. சுகாதார நிலையத்தின் நடைபாதையில் இரண்டு பக்கமும் பெஞ்சு, பெஞ்சு நிறைய ஆட்கள். அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். அவர் வெளியே நின்றுகொண்டு சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார், மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

கதவு திறந்தது. முன்னால் வந்த நர்ஸம்மா அவரைப் பார்த்து, "எல்லாம் சுத்தம். இனிமே வர வேண்டியதில்ல" என்றார். பின்னாலேயே அவள் வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை அழுகையும் இல்லை. நேராக நடந்து வந்து, நடைபாதைக்கு நடுவில், அத்தனை பேர் பார்க்க, அவர் முன்னால் நின்றாள். அவள் உதடு நடுங்குவது அவருக்கு மட்டும்தான் தெரிந்தது.

"யோவ்" என்றாள். "இனிமே குப்பையில ஊசி போடுவியா?"

பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள்.

"போட மாட்டேன்" என்றார் கண்ணாடிக்காரர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "சத்தியமா போட மாட்டேன்."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவரிடம், "பார்த்தா நல்ல மனுஷன் மாதிரிதான் இருக்காரு" என்று தலையை ஆட்டினாள். கழுகக்கா அந்தப் பெண்மணியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாங்க, நல்ல மனுஷன்தான்" என்று சொல்லிவிட்டு அவரை இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.